இடப்பக்கத்துப் பெட்டி

நல்லம்மாள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள் என்பது குமாரபாளையத்தில் அந்த வீதி முழுவதற்கும் தெரிந்திருந்தது, அவள் புருஷன் தண்டாயுதபாணியைத் தவிர.

அவள் சொல்லாமல் இல்லை. வியாழக்கிழமை மத்தியானம், அவர் பக்கத்தில் நின்று சாப்பாடு போடும்போதே சொல்லிவிட்டாள்.

"ஞாயித்துக்கெழமை அகல்யா வாரா. அவகூட சேலத்துக்குப் போறேன். இனி எனக்கு அங்கதான்."

தண்டாயுதபாணி இலையைப் பார்த்தார். ரசத்தைப் பார்த்தார். "அப்பளம் இருந்தா ஒண்ணு வையி" என்றார்.

முப்பத்தோரு வருஷக் குடித்தனம் ஒரு அப்பளத்தோடு முடிந்தது என்று நல்லம்மாள் எதிர்வீட்டுப் பொன்னாயியிடம் சொன்னாள். பொன்னாயிக்கு அப்படிப்பட்ட சேதியை வயிற்றில் வைத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. சாயங்காலத்துக்குள் வீதியின் இரண்டு முனைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆனால் அப்பளமா காரணம்? காரணம் மதன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய வைகாசி. சங்ககிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் ஓட்ட, நல்லம்மாள் பக்கத்தில். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகன் மதன், கூட வேலை செய்யும் ஒரு பெண்ணை விரும்புகிறான், வீட்டுக்குக் கூட்டி வரலாமா என்று கேட்டிருந்தான். வேறு சாதிப் பெண். ஒரு வாரமாக நெஞ்சுக்குள்ளேயே உருட்டி உருட்டி வைத்திருந்த கேள்வியை அன்றைக்கு நல்லம்மாள் மெதுவாக எடுத்துவிட்டாள். "மதன் அந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டு வரட்டுங்களா?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

இரண்டாம் தடவையும் கேட்டாள். முன்னால் போன லாரியை முந்திப் போனார். பதில் இல்லை.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். சண்டையில் அவளை ஜெயித்தவர் அந்த வீதியில் யாரும் இல்லை. வாயே திறக்காதவரிடம் என்ன செய்வது? "அப்பா பேசவே மாட்டேங்கறாரு சாமி" என்று மகனுக்குப் போனில் சொன்னாள். "சரிம்மா" என்றான் அவன். அடுத்த மாதமே கோயமுத்தூரில் பதிவுக் கல்யாணம். அதன்பிறகு அவன் வரவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. வீட்டில் அவன் பெயரை யாரும் எடுப்பதும் இல்லை. மூன்றாம் தடவை கேட்பதில்லை என்று நல்லம்மாளுக்கு வைராக்கியம்.

அதையும் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது போன மாதம், வீட்டுக்குள் பாட்டுப் பெட்டி வந்த பிறகுதான்.

பெற்ற மகனைப் பற்றிக் கேட்டால் காதில் விழாத மனுஷன், அந்தப் பெட்டி முன்னால் மணிக்கணக்காக உட்கார்ந்து, "பாட்டுக்காரி நடுவுல நிக்க மாட்டேங்கறா, சோத்தாங்கைப் பக்கமா ஒதுங்கி நிக்கறா" என்று புலம்பினால் எந்தப் பெண்சாதிக்குத்தான் பற்றிக்கொண்டு வராது?

"பாட்டுக்காரி எங்க நிக்கறான்னு தெரியுது. கட்டுனவ எங்க நிக்கறான்னு தெரியுதா?" என்று அவள் கேட்டாள். அதற்கும் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அந்த வீதியில் எதையாவது காது கொடுத்துக் கேட்க வேண்டுமென்றால் ஞாயிறு ஒன்றுதான் நாள். மற்ற ஆறு நாளும் வரிசையாக விசைத்தறி ஓடும். இட்லி மாவுகூட அந்தச் சத்தத்தில்தான் புளிக்கும். ஞாயிறன்று தறிகள் நின்றுவிட்டால் காவிரிப் பாலத்தில் பஸ் போவதுகூடக் கேட்கும்.

தண்டாயுதபாணி விடிந்ததிலிருந்து ஒயரை அளந்துகொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஹாலில் ஷோகேஸ் வலது ஓரம். பாட்டு மிஷின் அதற்குள். சத்தம் வருகிற ஸ்பீக்கர் பெட்டி இரண்டு. வலப்பக்கத்துப் பெட்டி பக்கத்திலேயே இருப்பதால் அதற்கு ஆறடி ஒயர் போதும். இடப்பக்கத்துப் பெட்டி வாசல் கதவுக்கு அந்தப் பக்கம். நிலைக்கு மேலே ஏறி இறங்கிப் போக அதற்கு முப்பத்தோரு அடி வேண்டும். இடப்பக்கத்துப் பெட்டிதான் மந்தமாகக் கேட்டது.

வேறு யாராவது என்றால் பெட்டியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். தண்டாயுதபாணி தறிக்காரர். பாவில் ஒரு இழை நீளமாகவும் பக்கத்து இழை குட்டையாகவும் இருந்தால் துணி என்ன கதி ஆகும் என்று இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்தவர். நீளமான இழை தொய்யும். தொய்ந்த இடத்தில் துணி பொங்கும். பாட்டு மட்டும் என்ன, இரண்டு இழையில் ஓடுகிற சரக்குத்தானே?

ஆகவே வலப்பக்கத்துப் பெட்டிக்கும் முப்பத்தோரு அடி ஒயர் வாங்கினார். அங்குலம் பிசகாமல் வெட்டினார். மிச்சமான இருபத்தைந்து அடியை நூல் சிட்டம் மாதிரிச் சுற்றி, கல்யாணப் போட்டோவை இறக்கி வைத்துவிட்டு, அந்த ஆணியில் மாட்டினார். அப்புறம் நாற்காலியில் வந்து உட்கார்ந்து கண்ணை மூடினார்.

பாட்டுக்காரி வலப்பக்கமே நின்றாள்.

"தங்கமுத்துவ வரச் சொல்லுறேன். ஏமாத்திப்போட்டான்" என்று போனை எடுத்தார்.

தங்கமுத்து ஆற்றுக்கு அந்தக் கரையில் பவானியில் இருப்பவன். மைக்செட் தொழில். சுற்றுவட்டாரத்துக் கோயில் நோம்பி, காதுகுத்து, கட்சிக்கூட்டம் எல்லாம் அவன் புனல் ஸ்பீக்கர்தான் கத்தும். இந்த மிஷினைச் சேர்த்து மாட்டிக் கொடுத்ததும் அவனே. ஏமாற்றினான் என்ற வார்த்தை கேட்டதும் அடுத்த கால் மணியில் வண்டியை வாசலில் நிறுத்தினான்.

எதிர்வீட்டில் பொன்னாயி, ஏற்கெனவே கூட்டிய வாசலை மறுபடி கூட்ட ஆரம்பித்தாள்.

"ஏனுங்ணா, என்ற தொழிலயே சந்தேகப்பட்டுட்டீங்களே!" என்று தங்கமுத்து உள்ளே வரும்போதே ஆரம்பித்தான். ஆணியில் தொங்கிய சிட்டத்தைப் பார்த்தான். "இதென்னுங்ணா, ஊட்டுக்குள்ள ஊஞ்சல் கட்டறீங்களா?"

"ஒயர் ரெண்டும் ஒரே அளவு இருக்கோணுமா வேண்டாமா? அதச் சொல்லு."

"எவன் சொன்னான்?"

"நீளமான ஒயர்ல பாட்டு மெதுவாத்தானே போகும்?"

"நடந்தா போகுது? கரண்டுங்ணா அது! நோம்பிக்கு ஒரு புனலு கோயில்ல, இன்னொண்ணு முன்னூறு அடி தள்ளிக் கொளத்து மேட்டுல கட்டறேன். ஒயர் நீளத்தால பாட்டு லேட்டா வந்துச்சுன்னு எந்த ஊர்லயும் எவனும் சொன்னதில்ல. மெல்லிசு ஒயரா இருந்து ரொம்ப தூரம் இழுத்தா சத்தம் கொறையும், ஒத்துக்கறேன். இது வெரல் தடிமன் ஒயர். முப்பதடியும் ஒண்ணு, மூணடியும் ஒண்ணு. உங்க காது இல்ல, எந்தக் காதும் கண்டுபிடிக்காது."

"நான் கண்டுபிடிச்சிருக்கேன்ல?"

இந்த இடத்தில்தான் அகல்யாவின் கார் வந்து நின்றது. மூத்த மகள். சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர்களுக்கே உரிய அவசரம் அவளுக்கும் உண்டு. எந்தச் சண்டையிலும் முதலில் விடை வர வேண்டும், அப்புறம்தான் அழுகை.

"அம்மா, பையி எங்க? வெயிலுக்கு முன்ன போயிரலாம்."

"எங்க போறீங்க?" என்றார் தண்டாயுதபாணி.

நல்லம்மாள் மகளைப் பார்த்தாள். பாரடி, நாலு நாளாகத் தெரியாத மாதிரி நடிக்கிறார் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். தங்கமுத்து இருந்ததால் வாயால் சொல்லவில்லை.

"அம்மா சேலத்துக்கு வாராங்கப்பா. உங்ககிட்ட வியாழக்கெழமையே சொல்லியாச்சாம்."

"எங்கிட்டயா? எப்ப?"

"காப்பி போடறேன்" என்று நல்லம்மாள் சமையலறைக்குள் போனாள். போகிறவள் காப்பி போடுவானேன் என்று கேட்கக் கூடாது. வந்தவனுக்குக் காப்பி கொடுக்காமல் ஒரு வீட்டை விட்டுப் போக முடியுமா?

அடுப்பு முன்னால் நின்றாலும் காது ஹாலில்தான் இருந்தது. தங்கமுத்து இரண்டு பெட்டியையும் இடம் மாற்றுகிறேன் என்றான். இடதை வலதுக்கு, வலதை இடதுக்கு, ஒயரோடு சேர்த்து. அகல்யாவும் ஒரு கை பிடித்தாள். சீக்கிரம் முடிந்தால்தானே அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பலாம்!

"பெட்டியிலயோ ஒயர்லயோ கோளாறுன்னா, அது கூடவே இப்ப வலப்பக்கம் வந்திருக்கோணும். கேளுங்ணா."

பாட்டு ஓடியது.

"இடதுதான் மந்தம்" என்றார் தண்டாயுதபாணி.

"மாத்திப்போட்டமே!"

"மாத்தியும் இடதுதான்."

தங்கமுத்து மிஷின் பின்னால் இருந்த ஒயர் முனைகளையும் மாற்றிச் சொருகினான். மறுபடி பாட்டு. மறுபடி இடதுதான்.

"அப்ப மிஷினும் இல்ல, பெட்டியும் இல்ல, ஒயரும் இல்ல" என்று தங்கமுத்து துண்டை உதறித் தோளில் போட்டான். "பேயிதான்."

"கதவு" என்றார் தண்டாயுதபாணி. தோற்றுப்போகிற வழக்கம் அவருக்கும் இல்லை. "இடப்பக்கம் வாசக்கதவு இருக்குதில்ல? சத்தம் அந்த வழியா வெளிய போயிருது. பொன்னாயிதான் கேக்கறா என்ற பாட்ட."

வெளியே துடைப்பச் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது.

"சரி, பார்த்துரலாம்" என்றாள் அகல்யா. "நாற்காலியத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகு காட்டி உக்காருங்கப்பா. கதவு எங்கயும் போகாது. கதவுதான் காரணம்னா, கதவோரப் பெட்டி அப்பவும் மந்தமாத்தான் கேக்கோணும்."

அவர் திரும்பி உட்கார்ந்தார். இப்போது வாசல் கதவு அவருக்கு வலப்பக்கம், ஷோகேஸ் இடப்பக்கம். பாட்டு ஓடியது. நல்லம்மாள் காப்பித் தட்டோடு சமையலறை நிலையில் வந்து நின்றாள்.

தண்டாயுதபாணியின் முகம் மலர்ந்தது.

"அட, கதவோரத்துப் பெட்டி கணீர்னு ஆயிருச்சே!" கொஞ்சம் கேட்டார். முகம் சுருங்கியது. "ஆனா இப்ப ஷோகேஸ் பக்கத்துப் பெட்டி போயிருச்சு. தங்கமுத்து, என்னடா பண்ணுன?"

யாரும் ஒன்றும் பண்ணவில்லை. தங்கமுத்து குனிந்து, சுருட்டத் தேவையே இல்லாத ஒரு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அகல்யா கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நல்லம்மாள் தட்டை மேசையில் வைத்தாள். பாட்டை நிறுத்தினாள். நடந்து போய் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் ஓர் எட்டு தள்ளி நின்றாள்.

"ஏனுங்க" என்றாள், வீட்டில் தினமும் கூப்பிடுகிற அளவுக் குரலில்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, காப்பி."

தறிகள் நின்ற ஞாயிற்றுக்கிழமை. பாலத்து பஸ் கேட்கிற அமைதி. அவர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அவள் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்து, அதே குரலில், "ஏனுங்க" என்றாள்.

"என்ன புள்ள?" என்று உடனே திரும்பினார்.

நல்லம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டாள். சாப்பாடு போடும்போது நிற்பது எந்தப் பக்கம்? சோற்றுக்குண்டா இருக்கிற பக்கம், இடது. கட்டிலில் படுப்பது சுவரோரம், அதுவும் இடது. காரில் அவர் ஓட்டும்போது உட்கார்வது? வேறெந்தப் பக்கம் உட்கார முடியும்?

"காதா?" என்றார் தண்டாயுதபாணி. எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு அவரே சொன்னார். உடனே கோபமும் வந்தது. "எனக்கா? போன் பேசறனே! ஆளுக நேருல பேசறது எல்லாம் கேக்குதே! என்னைச் செவுடன்னு சொல்றதுக்கா எல்லாரும் கூடி இருக்கீங்க?"

"போன எந்தக் காதுல வெச்சுப் பேசறீங்கப்பா?" என்றாள் அகல்யா.

அவர் வலக்கையைப் பார்த்தார்.

"ஏனுங்ணா, கோவிச்சுக்காதீங்க" என்றான் தங்கமுத்து, ஒயரிலிருந்து தலையை எடுக்காமல். "பட்டறையில உங்க மேசைக்கு எந்தப் பக்கம் தறி ஓடுது?"

அவர் இடக்கையைத் தூக்கிக் காட்டினார். "இடப்பக்கம். பன்னெண்டும்."

"இருபத்தெட்டு வருஷம். அவ்வளவுதானுங்ணா சங்கதி. மைக்செட்டுக்காரங்க எங்கள்லயே பாதிப்பேரு இப்படித்தான். எனக்கே புனல் பக்கத்துல நின்னு நின்னு ஒரு காதுல வெறும் காத்துத்தான் அடிக்குது. ஈரோட்டுல பார்க்கறாங்க. காதுல ஒரு சின்ன மிஷினு வெச்சுட்டா பாட்டுக்காரி நடுவுல வந்து நின்னுருவா." காப்பியை ஒரே மடக்கில் குடித்தான். "வாரேனுங்க்கா. ஒயர் நல்ல ஒயர். ஆணியில இருக்கறத மட்டும் எறக்கிருங்க."

அவன் வண்டி வீதியைத் தாண்டியது.

தண்டாயுதபாணி கூனிப்போய் உட்கார்ந்திருந்தார். தறிப்பட்டறையில் பத்துப் பேரை அதிகாரம் பண்ணிய உடம்பு அது. அதைப் பார்க்க நல்லம்மாளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்க இப்போது நேரமில்லை. மூன்றாம் தடவை கேட்பதில்லை என்று எடுத்த வைராக்கியம் அவளுக்கு ஞாபகம் வந்தது. மூன்றாம் தடவையா? யோசித்துப் பார்த்தால் இதுதானே முதல் தடவை!

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவருடைய வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"சங்ககிரிக் கல்யாணத்துக்குப் போயிட்டு வரும்போது கார்ல ஒண்ணு கேட்டனே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"எதக் கேட்ட?"

"மதன் அந்தப் புள்ளயக் கூட்டிக்கிட்டு வரட்டுங்களான்னு கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன்."

அவர் முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அப்படிப் பார்த்தார்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன். நீங்க லாரிய முந்துனீங்க. அப்பா பேசவே மாட்டேங்கறாருன்னு அவங்கிட்டச் சொல்லிப்போட்டேன்."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றார். "பெத்தவங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமக் கட்டிக்கிட்டான். உனக்குத் தெரிஞ்சிருக்குது, அகல்யாவுக்குத் தெரிஞ்சிருக்குது, என்னைய மட்டும் ஒரு ஆளாவே மதிக்கலைன்னு... ரெண்டு வருஷமா அதத்தானே மென்னு முழுங்கிக்கிட்டு இருக்கேன். எங்கிட்ட யாருமே கேக்கலியே புள்ள!"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் பேசவில்லை. நல்லம்மாள் காத்திருந்தாள். இது வேறு மௌனம் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தத் தடவை வார்த்தை உள்ளே போயிருக்கிறது, வேலை செய்துகொண்டிருக்கிறது.

"சத்தம் போட்டிருப்பேன்" என்றார் கடைசியில். "நல்லாவே சத்தம் போட்டிருப்பேன். வேற சாதியில்ல? ஒரு வாரம் சோறு திங்காம இருந்திருப்பேன். அப்புறம்..." மூக்கை உறிஞ்சினார். "அப்புறம் என்ன, வரச் சொல்லியிருப்பேன். பையன் ஒருத்தன்தானே?" "அந்தப் புள்ள பேரென்ன?" என்றார்.

"நர்மதா."

"இன்னொருக்காச் சொல்லு."

"நர்மதாங்க."

தனக்குத் தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் போனை எடுத்தார். மகனின் நம்பர் இரண்டு வருஷமாக அழிக்கப்படாமல் அதில் இருந்தது என்பதை நல்லம்மாள் கவனித்தாள். அதுவும் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து முதல் வரிசையிலேயே வைத்திருந்தார்! அட, கல்லுளிமங்கா.

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றாள் அகல்யா திடீரென்று. "சாயங்காலமாக் கூப்பிடுங்களேன். நான் மொதல்ல அவங்கிட்டப் பேசி..."

"அளந்து பேச இன்னும் என்ன இருக்குது?" என்று அவர் அழுத்திவிட்டார்.

மணி போனது. நல்லம்மாள் அவர் வலக்காதோடு தலையை ஒட்டிக்கொண்டாள். ஐந்து தடவை, ஆறு தடவை. எடுத்தது மகன் இல்லை.

"ஹலோ, யாருங்க?" பெண்குரல்.

தண்டாயுதபாணி பெண்சாதியைப் பார்த்து விழித்தார். நல்லம்மாள் விலாவில் இடித்தாள்.

"நர்மதாங்களா? நானுங்க... மதனோட அப்பன் பேசறேன் சாமி. குமாரபாளையத்துல இருந்து."

"ஒரு நிமிஷங்க மாமா, அவரு குளிக்கறாரு, இதோ..." என்று பதறியது குரல். போனை எங்கோ வைத்த சத்தம். காலடிகள். கதவைத் தட்டும் சத்தம்.

அதற்கு நடுவில், போனுக்கு வெகு பக்கத்தில், இன்னொரு சத்தம். பசியா தூக்கமா என்று தனக்கே தெரியாமல் சிணுங்கி, பிறகு முழுத்தொண்டையில் எடுத்த அழுகை. குழந்தைக்கு ஆறு மாதம் இருக்கலாம். ஏழுகூட இருக்கலாம். மூன்று பெற்று இரண்டை வளர்த்தவளுக்கு அது தெரியாதா?

நல்லம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கணக்கு டீச்சர் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"அகல்யா" என்றாள் நல்லம்மாள். "உனக்குத் தெரியுமா?"

தண்டாயுதபாணி கையை உயர்த்தி இரண்டு பேரையும் அடக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்" என்றார். "எனக்குக் கேக்குது."